அழுதுகொண்டு வந்தவரை நம்பாத ரெஜினா மேடம்

செவ்வாய்க்கிழமை காலை, ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது ஜெனிஃபரிடமிருந்து ஃபோன் வந்தது. ரெஜினா மேடத்தின் ஒரே மகள். “அங்கிள், அம்மா...” என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

“யாருனா வந்தாங்களாம்மா?”

“இல்ல அங்கிள். யாரும் வரல. வாசக்கதவு பூட்டினது பூட்டினபடியே கீது. தூக்கத்துலயே போயிட்டாங்க.”

மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்த ஃபோன் அது. ஆனால் நான் பயந்திருந்த செய்தி அது இல்லை. இதயம் நின்று, தன் கட்டிலில், வேறு யார் கையும் படாமல் அவர் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்த தம்பி “இன்னா சார், போதுமா?” என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

நெருங்கிய ஒருவர் இறந்த செய்திக்கு ஒரு மனிதன் ஏன் நிம்மதி அடைந்தான் என்பதைச் சொன்னால்தான் ரெஜினா மேடம் யார் என்பது விளங்கும்.

சேரப்பணஞ்சேரியில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஜெனிஃபருக்கு ஐந்து வயது இருக்கும்போது கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தார். அதன் பிறகு கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டில் லேடீஸ் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். ஷிப்டுக்கு வரும் பெண்களின் பையைச் சோதித்து, ஐடி கார்டைப் பார்த்து உள்ளே அனுப்பும் வேலை. அதே கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்டில் எல்லோரும் அவரை ‘மேடம்’ என்பார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். அவருக்கு என்னைவிட இரண்டே வயதுதான் கூட. அவருக்கு நான் கடைசி வரை ‘கஜா’.

கேட்டில் நிற்பவர்கள் பையைப் பார்ப்பார்கள். மேடம் முகத்தைப் பார்ப்பார், பிறகு காலைப் பார்ப்பார், கடைசியில்தான் பை. பின்னாளில் அந்தக் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலுக்கு அவரை மாற்றினார்கள். அங்கே ஒரு நாள், திருநெல்வேலிப் பக்கமிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, “நான் அவ தாய்மாமன், வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்” என்றாராம். கையில் இனிப்புப் பெட்டி. மேடம் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: “திருநெல்வேலிலருந்து வரவரு எங்க எதுத்த கடை ஸ்வீட்ட இன்னாத்துக்கு வாங்கினு வரீங்க?” வந்தவர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் யார், எதற்கு வந்தார் என்பது இன்றுவரை தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமனே கிடையாது.

அந்த ஹாஸ்டலில் இருந்தபோதுதான் அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹாலில் பெண்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலிவுட்காரர்கள் அந்தக் காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் காமெடி. தனியார் துப்பறிவாளர் கதைகளைக் கேலி செய்யும் படம். கண்ணை மறைக்கும் தொப்பியும் கணுக்கால் வரை தொங்கும் கோட்டுமாக ஒரு துப்பறிவாளன். திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான், ஷூ வெளியே தெரியும். ஒருவனைப் பின்தொடர்ந்து போவான், அவனை நான்கு பேர் வரிசையாகப் பின்தொடர்ந்து வருவார்கள், அவனுக்குத் தெரியாது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி ஒரு பணக்காரப் பெண் வருவாள், காணாமல் போன தம்பியைத் தேடித் தரச் சொல்வாள். கடைசியில் பார்த்தால் கொலைகாரி அவள்தான். அழுதுகொண்டிருந்தவளை நம்பி, ஒளிந்துகொண்டிருந்த தம்பியை அவனே அவளிடம் கொண்டுபோய் விட்டிருப்பான்.

படத்தின் பெயர் மேடத்துக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்தபோது பாதி ஓடிவிட்டிருந்தது. ஒரு பெண் எப்படியோ தேடி அதை அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்த படத்தை மேடம் பாடம் மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அந்தாளு இன்னா பண்ணாலும் தப்பு கஜா,” என்றார் என்னிடம். “அவன் பண்றத நாம பண்ணாம இருந்தா போதும். நாமளும் டிடெக்டிவ்தான்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்து படப்பையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை பிடித்து, ‘திருமண விசாரணை’ என்று போர்டு மாட்டிவிட்டார். எங்கள் பக்கம் அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது உண்மை. தென்மாவட்டத்துப் பையன்கள் ஆயிரக்கணக்கில் வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். பெண் கொடுக்கிறவர்கள் நானூறு மைல் தள்ளி இருக்கிறார்கள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று அவர்கள் யாரைக் கேட்பார்கள்? வேன் காண்ட்ராக்ட் முடிந்து சும்மா இருந்த என்னை மேடம் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். வண்டி என்னுடையது, கண் அவருடையது.

முதல் வேலை மறைமலை நகரில். நான் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றேன். ஐந்தாவது நிமிடம் டீ மாஸ்டர், “சார், யார வேவு பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டார். மேடம் அன்று முழுக்கச் சிரித்தார். அவர் எந்த வேஷமும் போட மாட்டார். மஞ்சள் பையோடு ஒவ்வொரு வீடாகப் போய், “வாடகைக்கு ரூம் கீதாம்மா?” என்று கேட்பார். எங்கள் ஊர்களில் அந்தக் கேள்விக்குத் திறக்காத கதவு இல்லை. ரூம் பற்றி ஆரம்பித்து, பக்கத்து ரூம் பையன் குடிப்பானா, யாரோடு பேசுவான், ஊருக்கு எப்போது போவான் என்று எல்லாம் தானாக வந்துவிடும்.

எனக்கு அவர் சொல்லிவைத்தவை இரண்டு. “அழுதுகினு வரவங்கள உக்கார வை, தண்ணி குடு, நம்பாத.” இன்னொன்று: “வண்டில ஏறினா ஒரு தரம் பின்னாடி திரும்பிப் பாரு.” இரண்டும் அந்தப் படத்திலிருந்து எடுத்தவை.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் அழுதுகொண்டு வந்தார்.

முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அடக்கமான பேச்சு. தென்மாவட்டத்துக்காரர். தங்கை வீட்டைவிட்டு வந்து ஒரகடம் பக்கம் எங்கோ வேலை செய்கிறாளாம். செல்வி என்று அவளுக்குப் பெயர் வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் வேண்டாம். “அம்மா படுத்த படுக்கையா இருக்காக மேடம். அவ மொகத்த ஒருக்க பாக்கணும்னு உசுர கையில புடிச்சிட்டு இருக்காக. பாத்தா போதும், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்று சொல்லித் தேம்பினார். என் அம்மாவும் அப்படித்தான் என்னைத் தேடிக்கொண்டே போனாள். மேடம் தண்ணீர் கொடுத்தார். செல்வியின் படத்தை வாங்கிக்கொண்டார். அவர்கள் ஊரில் ஒரு கடை வாசலில் நின்று எடுத்த படம். “பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

ஹாஸ்டல் பெண்களைக் கேட்டு, அவர்கள் தெரிந்தவர்களைக் கேட்டு, ஒன்பதாம் நாள் வடக்குப்பட்டு வரை வந்துவிட்டோம். எந்த வீடு என்று தெரியாது. அன்று பதினேழு வீட்டில் ரூம் கேட்டோம். பதினொன்றாவது வீட்டில் கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. உள்ளே இருந்த பெண் மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். அண்ணன் கொடுத்த படத்தில் இருந்தவள்தான். ஐந்து மாத வயிறு. மேடம் ரூம் விசாரித்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, வழக்கம் போலப் பன்னிரண்டாவது வீட்டுக்குப் போனார். மீதி வீடுகளையும் முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

ஒரகடம் தாண்டும்போது சொன்னார்:

“வாசல்ல பெரிய பெரிய ஆம்பள செருப்பா நாலு ஜோடி கெடக்குது. உள்ள ஒரே ஒரு ஆம்பள சட்டைதான் தொங்குது. வூட்ல நாலு ஆம்பள இருக்கற மாதிரி காட்டினு கீறா அந்தப் பொண்ணு. பின்கதவ தொறந்தே வச்சுக்கீறா. அம்மாவ வுட்டு வந்த பொண்ணு அழுவும் கஜா. இது பயந்துகினு கீது.”

“அந்த அண்ணன் அவ்ளோ அழுதாரே மேடம்?”

“அதான் எனக்குப் புடிக்கல.”

ஆபீசுக்கு வந்ததும் செல்வியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் இருந்த கடைப் பலகையில் ஃபோன் நம்பர் தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டு, தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு, செல்வியின் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கடைக்கார அம்மாள் உரத்த குரலில் பேசினாள்.

“அவுகளுக்கு என்ன? நல்லாத்தான் இருக்காக. இப்பத்தான் பால் வாங்கிட்டுப் போறாக.”

“மவ போனதுல படுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே?”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “மகளா? அவ வேற சாதிப் பையனோட போயிட்டால்ல. மூணு மாசம் முந்தியே அவ செத்துட்டான்னு அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஊரு பூரா ஒட்டிட்டாக. பதினாறாம் நாள் காரியமும் பண்ணிட்டாக. நீங்க ஆருன்னு சொன்னீக?”

மேடம் ஃபோனை வைத்தார். என்னைக் கேட்கிறாரா தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்: “உசுரோட கீற பொண்ணுக்குக் காரியம் பண்ணிட்டவன் இன்னாத்துக்கு அட்ரஸ் கேக்கறான்?”

மறுநாள் ஊர் விழிக்குமுன்பே வடக்குப்பட்டுக்குப் போனோம். இந்தத் தரம் மஞ்சள் பை இல்லை. சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்ற செல்வியிடமும் அவள் கணவனிடமும் மேடம் எதையும் மறைக்கவில்லை. “உங்கள கண்டுபுடிச்சிக் குடுக்க வந்தவ நான்தான். நான் கண்டுபுடிச்சிட்டேன்னா இன்னொருத்தனும் கண்டுபுடிப்பான். கெளம்புங்க” என்றார். அந்தப் பையன் கோபத்தில் கதவை அறைந்து சாத்தப் போனான். செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பையை எடுக்கப் போனவள், எங்கே என்றுகூடக் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். எப்போதும் கட்டி வைத்த பையோடுதான் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள்.

காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுக்க வைத்தோம். வாங்கிக்கொண்டார்கள். பிறகு, முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் நூற்றுக்கணக்கில் ரோட்டை அடைத்து நிற்கும் நேரத்தில், நண்பரின் வேனில் இருவரையும் ஏற்றினேன். சீருடை போட்ட பெண்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில், சீருடை போட்ட செல்வியை யாரும் தனியாகப் பார்த்திருக்க முடியாது. அந்த யோசனையும் மேடத்துடையதுதான். வேனின் கதவைச் சாத்துமுன் என்னிடம் சொன்னார்: “ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுடு. எந்த பஸ் ஏறினாங்கன்னு பாக்காத. எந்த ஊர்னு எங்கிட்டயும் சொல்லாத.” இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒரு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். இந்தத் தரம் தனியாக வரவில்லை. இரண்டு பேர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்கள். அவர் கண்ணில் ஈரம் இல்லை.

“ஒங்க தங்கச்சி இந்தப் பக்கமே இல்ல தம்பி,” என்றார் மேடம்.

அவர் சிரித்தார். “வடக்குப்பட்டுல ஒங்க வண்டி நின்னுச்சே மேடம். ஒங்க பின்னாலயேதான் ரெண்டு பேரு வந்தாக. நீங்க ஏறி எறங்குன வீட்ட பூரா எண்ணுனாக. பதினேழு. ஒவ்வொண்ணா பாத்து முடிக்க ரெண்டு நாளாயிருச்சு. ஒரு வீடு மட்டும் பூட்டிக் கெடக்கு.”

இருபது வருடம் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டியவன் நான். தங்கையைக் கண்டுபிடிக்க அவர் எங்களைப் பிடிக்கவில்லை. பின்தொடர்ந்து வருவதற்காகத்தான் பிடித்திருக்கிறார். அந்தப் படத்தில் எதைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களோ, அதையே நாங்கள் செய்திருக்கிறோம். பதினேழு வீடு ஏறாமல் அந்த ஒரு வீட்டோடு நாங்கள் திரும்பியிருந்தால் செல்வி அன்றே அவர்கள் கையில் சிக்கியிருப்பாள், அவர் எங்களிடம் வந்து கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

அவர் ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தார். செல்விக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சிரித்தபடி இருந்த செல்வியின் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இதுல போட்டாவ மட்டும் மாத்துனாப் போதும் மேடம். ஒரு மணி நேர வேல. எங்க அனுப்புனீக?”

மேடம் போஸ்டரை மெதுவாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: “தெரியாது. என்னிது அடிக்கும்போது சொல்லுங்க தம்பி, நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்து வைக்கறேன். செக்யூரிட்டி கார்டுல கீறது மூஞ்சி உப்பிக் கீது.”

அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் முழுக்க அடங்கிய பிறகு, மேடம் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். “நான் கண்ணாடிய பாக்கல மேடம்” என்றேன். “நானுந்தான் திரும்பிப் பாக்கல. ஒன் ஒருத்தன் மேலயே பழி போட்டுக்காத” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

அன்றிலிருந்து அவருடைய நாட்கள் மாறின. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி, படிக்கட்டைப் பார்த்து உட்கார்ந்தார். ஜெனிஃபரை வெளியூர்க் கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்தார். எதிர் டீக்கடையில் சில வாரம் ஒரே மோட்டார் பைக் நிற்கும். பிறகு காணாமல் போகும். நாங்கள் மூச்சு விடும்போது மறுபடி வந்து நிற்கும். ஃபோன் அடிக்கும், எடுத்தால் பேச்சு இருக்காது. மாதா கோயிலுக்கு ஒரு வாரம் ஒரு வழியாகவும் அடுத்த வாரம் வேறு வழியாகவும் போவார். டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்து, “எதையும் மனசுல போட்டுக்காதீங்கம்மா” என்று சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு மேடம் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அவரைக் கொன்றது இதயம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். மூன்று வருடம் அந்த இதயம் எதைத் தாங்கியது என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆனாலும் அவர் ஆபீசை மூடவில்லை. ஆள் தேடும் வேலையை மட்டும் விட்டுவிட்டார். கல்யாண விசாரணைக்கு வருகிறவர்களிடம், “பொண்ணு சம்மதிச்சுதா? அத நான் நேர்ல கேக்கணும்” என்பார். அதற்கே சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும் என்பார்.

ஒரே ஒரு தரம் ஒரு ஃபோன் வந்தது. தெரியாத நம்பர். மேடம் வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டு, பேசாமல் இருந்தார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. நல்ல பலமான அழுகை. பத்து எண்ணுவதற்குள் துண்டிக்கப்பட்டது. அவர் உடனே அந்த நம்பரை அழித்தார். “பொண்ணா பையனா தெரிலயே கஜா” என்றார். அன்று சாயங்காலம் வரை அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

புதன்கிழமை அவரை அடக்கம் செய்தோம். கேட்டில் நிற்கும் பெண்கள் காக்கிச் சீருடையோடு வந்திருந்தார்கள். ஹாஸ்டல் பெண்கள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர் விசாரித்து நடத்தி வைத்த கல்யாணத்துக் குடும்பங்கள், அவர் விசாரித்து நிறுத்திய கல்யாணத்துப் பெண்கள், எல்லோரும். நான் அழவில்லை. தெரியாத முகம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசிப் பிடி மண் விழும்வரை அவருக்குக் காவல் இருப்பது மாதிரி ஒரு நினைப்பு.

வெள்ளிக்கிழமை ஆபீசைத் திறந்தேன். பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது.

“அந்தம்மா எறந்துட்டாகளாமே,” என்றது குரல். மூன்று வருடம் ஆனாலும் செல்வியின் அண்ணன் என்று எனக்குத் தெரிந்தது. “கேள்விப்பட்டோம். இப்ப ஆபீச ஆரு பாக்கா?”

இதுவரை அந்த ஆள் என்னை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுகிறவன், அவ்வளவுதான். “வேற யாரோ” என்று சொல்லி ஃபோனை வைத்திருக்கலாம். போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி வேன் ஓட்டப் போயிருக்கலாம். எனக்கும் வீட்டில் மனைவியும் மக்களும் இருக்கிறார்கள்.

“நான்தான் பாக்கறேன். எம்பேரு கஜேந்திரன்,” என்றேன்.

“அப்பம் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“தெரியாது.”

“சரி. வாரோம்” என்று வைத்துவிட்டார்.

ரெஜினா மேடம், உங்களைத் தேடி இனி எவரும் படியேற முடியாது. அந்தப் பயத்தை மூன்று வருடம் தனியாகச் சுமந்தீர்கள். உங்களுக்காகப் பயந்தேனே தவிர, அதில் ஒரு பங்கைக்கூட நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது முழுவதும் எனக்கு வந்திருக்கிறது. கனமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பெண் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறாள். அவர்களில் யார் யாருக்குப் பயந்து இங்கே வந்தவர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். போய் வாருங்கள், மேடம்.